அட்டைச் சாவி

இனி இந்த ஊருக்குள் ஒரு சொட்டு பெட்ரோல்கூட எரிக்கப் போவதில்லை என்ற முடிவை நான் ஒரு சிக்னலில் நிற்கும்போது எடுத்தேன். முக்கியமான முடிவுகளை நான் சிக்னலில்தான் எடுப்பது வழக்கம். வீட்டில் அதற்கு அனுமதி இல்லை.

வண்டி வாங்கிய அன்று அது. ஷோரூமிலிருந்து வெளியே வந்து நாங்கள் நின்ற முதல் சிக்னல். பெரிய வண்டி. மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். ராத்திரி சுவரில் பிளக்கைச் செருகிவிட்டால் மறுநாள் ஊருக்குள் சுற்ற அந்த மின்சாரமே போதும். அது தீர்ந்தாலோ, நாம் மிதித்து விரட்டினாலோ மட்டும் பெட்ரோல் இன்ஜின் எழுந்து வரும். இருக்கை முதுகு பிடித்துவிடும். கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும், முகம் சுளிக்காமல். என்னிடம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்ட ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஷோரூமில் என் கையில் ஒரு சாவி கொடுத்தார்கள். அட்டையில் செய்தது, முழங்கை நீளம், வெள்ளிக் காகிதம் ஒட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றேன். புகைப்படக்காரர் மோவாயைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னார். அது கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் ஷோரூம் பெண் என் மனைவியை முன் இருக்கையில் உட்காரவைத்து, திரையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"இந்தப் பக்கம் பாருங்க சார்," என்றார் புகைப்படக்காரர்.

இந்தப் பக்கம் பார்த்தேன். என் வாழ்க்கையில் நடந்த பல விஷயங்களுக்கு விளக்கமாக இந்த ஒரு வாக்கியம் போதும்.

சிக்னலில் மனைவி கேட்டாள்.

"பெட்ரோல் எவ்ளோ குடிக்கும் இது?"

"குடிக்கவே குடிக்காது. ஊருக்குள்ள கரண்ட்லதான் ஓட்டப் போறேன்."

"இன்ஜின் இருக்குல்ல?"

"இருக்கும். ஓடாது."

"மாடியில நீங்க வாங்கிப் போட்ட ட்ரெட்மில் மாதிரியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஊருக்குள்ள என்னிக்காவது இந்த இன்ஜின் சத்தம் கேட்டுச்சுன்னா, அன்னிக்கே சாவி உன் கையில. அப்புறம் நான் பஸ்ல போறேன்."

"சரி," என்றாள்.

வழக்கமாக அவளிடம் ஒரு சரி வாங்க ஒரு வாரம் அலைய வேண்டும். இது சிக்னல் பச்சையாகும் முன்பே வந்துவிட்டது. என்மேல் வைத்த மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சாவி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது. எங்கள் பழைய சின்ன வண்டியை நன்றாகவே ஓட்டினாள். அதன் உடம்பிலிருந்த கீறல்கள் அத்தனையும் என் கைவண்ணம். அதை விற்றுத்தான் இதை வாங்கினேன். இதை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வண்டி ரொம்ப அகலம்மா. பழக நாளாகும்."

"நீங்க பழகிட்டீங்களா?"

"பழகிட்டே இருக்கேன்."

"நம்ம வாசல் கேட்டும் சேர்ந்து பழகிட்டிருக்கு போல. ஒரு பக்கம் சாஞ்சிருக்கு."

அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். அங்கே மற்றவர்கள் பேசுவதைச் சுருக்குவாள், வீட்டில் என்னை. எப்போதோ நான் வாய்தவறிச் சொன்னதை அதே சொல், அதே இழுவை, நடுவில் வந்த செருமலோடு திருப்பிச் சொல்வாள். கோர்ட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வண்டியில் கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் வழியில் ஒரு மேம்பாலம் ஏற வேண்டும். ஏற்றத்தில் இன்ஜின் எழுந்துவிட்டால்?

"வாக்கு குடுத்தாச்சே," என்றேன்.

"ஆமா, குடுத்தாச்சு," என்று பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நான் தவம் தொடங்கினேன். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் இன்ஜின் வந்துவிடும் என்பதால், கீழே யாரோ தூங்குவதுபோல அதன்மேல் காலை வைத்தேன். ஏ.சி. மின்சாரத்தைத் தின்னும். அணைத்தேன். முதுகு பிடிக்கும் இருக்கையும் தின்னும். முதுகு அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன். பாட்டு கேட்பதில்லை. வண்டியில் பத்தொன்பது ஸ்பீக்கர்கள். பத்தொன்பதும் மௌனவிரதம். அந்தத் தோல் இருக்கையில் வியர்த்து ஒழுக உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த அட்டைச் சாவியை வைத்து விசிறிக்கொண்டே போவேன். அட்டை நல்ல கனம். காற்று நன்றாக வந்தது. அவ்வளவு பெரிய தொகை கொடுத்து வாங்கியதில் நான் முழுமையாகப் பயன்படுத்திய பாகம் அதுதான்.

சைக்கிள்கள் என்னை முந்தின. ஒருநாள் காலை, நாயோடு நடைபோகிற எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டினார்.

"என்ன சார், மக்கர் பண்ணுதா? தள்ளிவிடவா?"

"இல்ல சார். நல்லா ஓடுது."

"இது ஓடறதா?" என்று வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாய் அவரை இழுத்துக்கொண்டு என்னை முந்திப் போனது.

ஒரு மாலை என் பக்கவாட்டில் பஸ் ஒன்று வந்தது. ஜன்னலோரம் என் மனைவி. நல்ல இடம் கிடைத்திருந்தது அவளுக்கு. கூந்தல் காற்றில் பறந்தது. கையசைத்தாள். நானும் அட்டைச் சாவியை அசைத்தேன். வீட்டுக்குப் போனபோது அவள் குளித்து, காபி குடித்து முடித்திருந்தாள்; எனக்குப் போட்டு வைத்த காபியும் ஆறியிருந்தது.

வீட்டிலும் தவத்துக்குச் சோதனை வந்தது. வண்டியின் பிளக்கைத் தாங்குகிற பாயிண்ட் பின்சுவரில் ஒன்றுதான் இருக்கிறது. அது வாஷிங் மெஷினுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வீடே இருட்டாகிவிடும். சண்டை வரும் என்று தயாராகப் போனேன்.

"வண்டியே போடுங்க," என்றாள்.

"துணி?"

"நேரம் கிடைக்கும்போது போடறேன். எது முக்கியமோ அது மொதல்ல."

என் சட்டைகள் முக்கியமானவற்றில் இல்லை என்பது வார இறுதியில் தெரிந்தது. நான் குளியலறைச் சாமான்கள் விற்கும் நிறுவனத்தில் மேலாளர். வாஷ்பேசின், குழாய், சுத்தம் சம்பந்தப்பட்ட எல்லாம். அலுவலகக் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே ஊரிலேயே விலையுயர்ந்த வண்டியை நிறுத்திவிட்டு, நேற்றைய சட்டையில், இன்றைய வியர்வையோடு இறங்கி வருவேன். வரவேற்பில் இருக்கும் பெண் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொள்வாள். ஆனாலும் எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். என்னைப் பார்ப்பதைத் தவிர்க்க அதுவும் ஒரு வழி.

இப்படி மாதங்கள் போயின. இன்ஜின் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. ஷோரூமில் ஊற்றிக் கொடுத்த பெட்ரோல் அப்படியே கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் டயருக்குக் காற்று பிடிக்க பெட்ரோல் பங்க் போயிருந்தோம். அப்படியே கொஞ்சம் பெட்ரோலும் ஊற்றிக்கொள்ளலாமா என்றேன்.

"எதுக்கு?" என்றாள்.

"இருக்கட்டுமேன்னுதான்."

"ஒரு சொட்டு எரிக்காம வெச்சிருக்கீங்க. இப்ப போய் ஊத்தினா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? சொன்ன சொல்ல இப்படிக் காப்பாத்தற ஆள நான் கோர்ட்ல ஒருநாளும் பாத்ததில்லங்க."

நான் காற்று மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அந்தப் பாராட்டை ரொம்ப நாள் உள்ளே வைத்திருந்தேன். கோர்ட்டில் அவள் தினமும் யார் யாரைப் பார்க்கிறாள் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் சில நாள் தங்கியிருந்த மாமியாரை ரயிலேற்றிவிட வேண்டும். ராத்திரியே சார்ஜ் போட்டு பேட்டரி நிறைந்திருந்தது. வழியில் மேடு எதுவும் இல்லை. மாமியார் பின்னால், மனைவி என் பக்கத்தில். பொத்தானை அழுத்தினேன்.

வண்டிக்கு அடியில் யாரோ சோம்பல் முறித்து எழுந்ததுபோல ஓர் உறுமல்.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். உறுமல் நிற்கவில்லை. வண்டியை அணைத்து மறுபடி போட்டேன். மறுபடி உறுமியது, இந்த முறை இன்னும் தெளிவாக.

"மாப்பிள்ளை, என்னமோ உறுமுதே," என்றார் மாமியார்.

"வெளியில லாரி அத்தை."

"லாரியக் காணோமே."

"போயிடுச்சு."

"சத்தம் போகலியே."

மனைவி ஜன்னல் வழியே எதிர்வீட்டுச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பார்க்க அந்தச் செடியில் எதுவும் இல்லை.

"இது இன்ஜின் இல்ல. ஃபேன்," என்றேன் அவளிடம்.

"ஃபேனா. அது உங்க கையிலதான இருக்கும்."

"சரி, இன்ஜின்தான். ஆனா நான் மிதிக்கவே இல்ல. பேட்டரி நெறைய இருக்கு. இது என் கணக்குல வராது."

அவள் திரும்பினாள். தொண்டையைச் செருமினாள், என் செருமல். பிறகு என் குரலில், என் நிறுத்தங்களோடு சொன்னாள்: "'ஊருக்குள்ள என்னிக்காவது இந்த இன்ஜின் சத்தம் கேட்டுச்சுன்னா.' மிதிச்சான்னு இல்ல. பேட்டரின்னு இல்ல. கேட்டுச்சுன்னா." பின்னால் திரும்பி, "அம்மா, உனக்குக் கேக்குதா?"

"எனக்கே கேக்குதுடி," என்றார் மாமியார். அவருக்கு ஒரு காது மந்தம்.

"வண்டியில கோளாறு," என்றேன். "கோளாறுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல. இப்பவே நிரூபிக்கறேன்."

ஷோரூமுக்குப் போன் போட்டேன். நான் மறந்துபோன ஒரு வசதி அந்த வண்டியில் இருந்தது. உள்ளே உட்கார்ந்து யாரோடு பேசினாலும் குரல் ஸ்பீக்கரில் வரும். பத்தொன்பதும் விரதம் கலைத்தன. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் அந்தப் பெண்ணின் குரல் துல்லியமாக வந்தது.

"சொல்லுங்க சார்."

"சார்ஜ் ஃபுல்லா இருக்கு. ஆனா இன்ஜின் தானா ஓடுது. நிக்கவே மாட்டேங்குது."

"கடைசியா எப்ப சார் பெட்ரோல் போட்டீங்க?"

"போட்டதே இல்ல," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதான் சார். டேங்க்ல இருக்கற பெட்ரோல் பழசாயிடுச்சு. ரொம்ப மாசம் இன்ஜின ஓட்டாம, புதுசாவும் ஊத்தாம விட்டா, கெட்டுப்போறதுக்குள்ள வண்டியே ஓட்டி எரிச்சுடும். கோளாறு இல்ல சார். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"இதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேனே சார். டெலிவரி அன்னிக்கே மேடம்கிட்ட சொன்னேன். நீங்க அந்தப் பெரிய சாவிய வெச்சு போட்டோ எடுத்துட்டிருந்தீங்க. மறுநாளே மேடம் போன் பண்ணி ரெண்டு தடவ கேட்டாங்க, 'ஓட்டாம வெச்சிருந்தா கண்டிப்பா அதுவா ஓடுமா'ன்னு. ஓடும், ஆனா மாசக்கணக்காகும்னேன். பரவால்ல, காத்திருக்கறேன்னாங்க."

போனை வைத்தேன். நான் ஒழுங்காக ஓட்டாமல் அவ்வப்போது மிதித்திருந்தால், மேம்பாலம் ஏறி அவளைக் கோர்ட்டில் விட்டிருந்தால், பங்க்கில் ஒரு லிட்டர் ஊற்றியிருந்தால் இது நடந்திருக்காது. நான் வியர்த்த ஒவ்வொரு நாளும் அவளுக்காக வியர்த்திருக்கிறேன்.

"ட்ரெயினுக்கு நேரமாகுது," என்றார் மாமியார். "யாராவது ஓட்டுங்க."

மனைவி கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன், நிஜமானதை. இறங்கிப் போய்ப் பின்னால் மாமியாரின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஏ.சி.யைப் போட்டாள். பாட்டைப் போட்டாள். இருக்கையை முதுகு பிடிக்கவிட்டாள். சாய்ந்த கேட்டின் இரு பக்கமும் படாமல் வண்டியை ரிவர்ஸிலேயே ஒரே மூச்சில் தெருவுக்கு இறக்கினாள். வண்டி அவ்வளவு ஒன்றும் அகலமில்லை என்று தெரிந்தது.

"நல்லா குளுகுளுன்னு இருக்கே," என்றார் மாமியார். "இவ்ளோ நாள் இது ரிப்பேரா மாப்பிள்ளை?"

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். டேங்க்கில் புதுப் பெட்ரோல். இன்ஜின் அமைதி. என் சட்டையை மட்டும் எப்படியோ துவைத்து வைத்திருந்தாள். நான் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றேன்.

"உன் வழியிலதான என் ஆபீஸ்," என்றேன். "எறக்கிவிடேன்."

செருமினாள். "'அப்புறம் நான் பஸ்ல போறேன்.'"

வண்டி சத்தமில்லாமல் தெருவில் இறங்கியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. கண்ணாடி இறங்கியது. மனம் இளகிவிட்டது என்று ஓடினேன். ஓட எனக்கு வருகிறது, ட்ரெட்மில்லில்தான் வரவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது. அதில் அந்த முழங்கை நீள அட்டை, வெள்ளிக் காகிதம் பாதி உரிந்து.

"உங்க சாவிய மறந்துட்டீங்களே," என்றாள். "பஸ்ல புழுக்கமா இருக்கும்."