மூன்றாவது கியர் பெட்டியும் சரியில்லை

"கிளட்ச் வேணாம்" என்று ட்ரெவர் சொன்னதும், ஸ்பிரோ கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னது?"

"ஆட்டோமேட்டிக் போடப் போறேன்."

ஸ்பிரோ பக்கத்து வீட்டுக்காரன். ஆஸ்திரேலியாவின் வையாலா ஊர் இரும்பாலையில் ட்ரெவரோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன். ட்ரெவர் தன்னுடைய 1974 ஹோல்டன் டொரானா காருக்குள் ஃபோர்டு டர்போ இன்ஜினை இறக்கியபோதே ஊரில் பாதிப் பேர் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஹோல்டனுக்குள் அதன் பரம எதிரி ஃபோர்டா! அந்த ஊரில் அது வீட்டை விட்டு ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணுவதைவிடப் பெரிய குற்றம். அதையே பொறுத்துக்கொண்ட ஸ்பிரோவுக்கு இது மட்டும் பொறுக்கவில்லை.

"அறுநூறு குதிரை சக்தி மாப்ளே! அதுக்குப் போய் ஆட்டோமேட்டிக்கா? புலியைப் பிடிச்சிட்டு வந்து பால் கறக்கப் போறியா?"

"முட்டி வலிக்குதுடா. கிளட்ச் மிதிக்க முடியல."

"எந்த முட்டி?"

ட்ரெவர் அவசரத்தில் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"கிளட்ச் இடது காலுக்குடா!"

"ரெண்டும்தான் வலிக்குது."

முட்டி வலி நிஜம்தான். ஆனால் அது ட்ரெவருடைய முட்டி இல்லை. எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, போர்ட் அகஸ்டாவில், கியர் பெட்டிக் கடை கவுண்டரில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் லினெட்டுடைய இடது முட்டி.

பிப்ரவரியில் ஒரு நாள் ஏதோ ஃபில்டர் வாங்கப் போனவன், பேச்சுவாக்கில் டொரானா படத்தைக் காட்டினான். லினெட் அந்தப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கப்பா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தார். மே மாசம் கணவாய் மீன் வர்றப்போ பாயிண்ட் லோலி லைட்ஹவுஸ் வரைக்கும் நான்தான் ஓட்டிட்டுப் போவேன். அந்தக் காலமெல்லாம் போச்சு. இந்த முட்டிக்கு இனிமே கிளட்ச் ஒத்துக்காது."

அவ்வளவுதான் சொன்னாள். ட்ரெவர் வீட்டுக்கு வந்து, நல்லா ஓடிக்கொண்டிருந்த ஐந்து கியர் மானுவல் பெட்டியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டான். மனைவி பிரிந்து பெர்த்துக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பேச ஆளில்லாத வீட்டில் தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தான்: "லினெட், ஒரு ஞாயித்துக்கிழமை லைட்ஹவுஸ் வரைக்கும் போகலாமா? நீங்கதான் ஓட்டணும்."

வண்டி தயாரானதும் கேட்டுவிடுவதென்று முடிவு. தயாராகாத வண்டியைக் காட்டி ஒரு பெண்ணை எப்படிக் கூப்பிடுவது?

இன்ஜினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவான் ட்ரெவர். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி மட்டும் அவனுக்கு மந்திரவாதம். அதனால் மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை கடைக்குப் போய் லினெட்டிடமே கேட்டான்.

"இந்த இன்ஜினோடயே ஒரு ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி வந்துச்சு. ஷெட்ல சும்மா கிடக்கு. அதையே போட்டுடவா?"

லினெட் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள்.

"அதுவா... அது உங்க வண்டிக்கு வேணாம் ட்ரெவர். பலமா ஒரு ரெண்டு கியர் பெட்டி தர்றேன். போட்டுப் பாத்துட்டு அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லுங்க."

பின்னால் பட்டறையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் தம்பி டெஸ் இருமினான். அவன் மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம். லினெட் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இருமல் நின்றுவிட்டது.

ரெண்டு கியர் பெட்டி பந்தயத்துக்கு ஓடுவது. நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் போனால் இன்ஜின் ஓவென்று கத்தியது. போர்ட் அகஸ்டா வருவதற்குள் ட்ரெவருக்குக் காது அடைத்துவிட்டது.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்று கத்தினான்.

"ஏன் கத்துறீங்க?" என்றாள் லினெட். பிறகு லாமிங்டன் கேக் ஒரு துண்டு தட்டில் வைத்துக் கொடுத்தாள். "திருப்பிக் குடுத்துடுங்க, வேற மாத்திக்கலாம். நாலு கியர் பெட்டி போடுங்க. சத்தமே வராது."

நாலு கியர் பெட்டி நீளமானது. காரின் தரையை வெட்ட வேண்டியிருந்தது. பின் சக்கரத்துக்குப் போகும் தண்டையும் குட்டையாக்க வேண்டியிருந்தது. ட்ரெவர் ரெண்டையும் செய்தான். சத்தம் வரவில்லை. ஆனால் மூன்றாவது நாள் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்ததும் கருகல் வாடை வந்தது. நாலாவது நாள் வண்டியே வரவில்லை.

"அறுநூறு குதிரையை ஆட்டுக்கொட்டகையில கட்டினா இப்படித்தான்" என்றான் ஸ்பிரோ. ஆறு கியர் பெட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, அதன் மேல்தான் அவர்கள் காபிக் கோப்பைகளை வைப்பது வழக்கம். ஸ்பிரோ அதைத் தட்டினான். "இதைப் போட்டுத் தொலையேன்டா."

"லினெட் வேணாம்னா வேணாம். முப்பது வருஷமா அந்தக் கவுண்டர்ல இருக்கா. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தப்பாச் சொன்னதில்ல."

"அது யாருடா லினெட்?"

ட்ரெவர் உடனே முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். இந்தத் தடவை இடது காலை.

மே வந்தது. கணவாய் மீன்கள் வந்தன. டொரானா கட்டைகள் மேல் நின்றது.

மூன்றாவது பெட்டி பலசாலி. எதற்கும் உடையாது. ஆனால் குட்டையானது. வெட்டிய தண்டு அதற்கு எட்டவில்லை. புதுத் தண்டு செய்ய வேண்டியதாயிற்று. தரையில் வெட்டிய ஓட்டை வழியாக ரோட்டிலுள்ள கூழாங்கல்லை எண்ணலாம் போலிருந்தது. பெட்டியோடு லினெட் கொடுத்த, இன்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் கன்வெர்ட்டரும் பந்தயக்காரர்களுக்கானது. இன்ஜின் நாலாயிரம் சுற்றுக்கு ஏறும்வரை வண்டி அசையாது. ஏறிவிட்டால் யார் சொன்னாலும் கேட்காது.

அது ட்ரெவருக்கு ஹார்டுவேர் கடை வாசலில், தீயணைப்புத் தொண்டர்கள் நிதி திரட்டச் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த மேஜைக்கு முன்னால்தான் தெரிந்தது. மெதுவாக மிதித்தான், நகரவில்லை. கொஞ்சம் மிதித்தான், உறுமியது. இன்னும் கொஞ்சம் மிதித்தான். வண்டி பாய்ந்து, மேஜையை ஒரு விரற்கடையில் தவறவிட்டு, வெங்காயத் தட்டைப் பறக்கவிட்டுவிட்டு நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இடுக்கியைக் கையில் வைத்திருந்த கிழவி தலையிலிருந்து ஒரு வெங்காயச் சுருளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த ஜென்மத்துல உனக்கு இனிமே சாசேஜ் கிடையாது. ரொட்டி மட்டும் வாங்கிக்கோ."

அன்று சாயங்காலம் ட்ரெவர் ஷெட்டில் உட்கார்ந்து அழாத குறையாக யோசித்தான். இந்த வண்டியில் லினெட்டை உட்கார வைப்பதா? லைட்ஹவுஸ் போகுமுன் கடலுக்குள் போய்விடும். வயசு ஐம்பத்தாறு. கணவாய் சீசன் முடிந்துவிட்டது. ஏழு மாதம் ஓடிவிட்டது. கண்ணாடி முன்னால் சொன்ன வாக்கியம் கண்ணாடிக்கே மனப்பாடமாகியிருக்கும். தனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று முடிவு செய்தான்.

மூன்றாவது பெட்டியைத் திருப்பிக் கொடுக்க, வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனான். வெள்ளிக்கிழமை லினெட்டுக்கு விடுமுறை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு விடைபெற அவனுக்குத் தெம்பில்லை.

காலி ஸ்டூலைத் தாண்டிப் பட்டறைக்குள் போனான். டெஸ் நிமிர்ந்தான்.

"சனிக்கிழமைதானே உன் நாளு?"

"இனிமே சனிக்கிழமை இல்ல டெஸ். இந்தா உங்க பெட்டி. பழைய மானுவலையே மாட்டி, வண்டியை வித்துடப் போறேன்."

டெஸ் கையைத் துணியில் துடைத்தான். "விக்கிறியா? எதுக்கு?"

யாரிடமும் சொல்லாததை, நாலு வார்த்தைக்காரனிடம் சொன்னால் வெளியே போகாது என்று ட்ரெவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முட்டி, லைட்ஹவுஸ், கண்ணாடி, எல்லாம். "அவ ஓட்டணும்னுதான் ஆட்டோமேட்டிக்கே. வண்டி முடிஞ்சதும் கேக்கலாம்னு இருந்தேன். முடியவே மாட்டேங்குது."

டெஸ் ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிரித்தான். நிற்காமல் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்து, கன்னத்து கிரீஸில் கோடு போட்டது.

"உன் ஷெட்ல கிடக்கே, ஆறு கியர் பெட்டி. அந்த இன்ஜினுக்குன்னே செஞ்சதுய்யா அது. பலமும் இருக்கு, சத்தமும் வராது. போட்டிருந்தா மார்ச்லயே வண்டி ஓடியிருக்கும்."

"வேணாம்னு லினெட்தானே சொன்னா! அவளுக்கா தெரியாது?"

"தெரியாம என்ன, நல்லாத் தெரியும்" என்றான் டெஸ். "'வண்டி முடிஞ்சிட்டா அவர் எதுக்குடா இங்க வரப் போறாரு'ன்னு சொல்லிச் சொல்லி, ஏழு மாசமா என் வாயைப் பூட்டி வச்சிருக்கா எங்கக்கா."