4.14க்கு மாறிய ஏழு தட்டுகள்

ஜெலுத்தோங், பினாங்கு
புதன்கிழமை காலை

சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று இன்னும் முடிவாகாத, ஆனால் மதிப்பில் எந்தக் குறையும் இல்லாத திரு. சிவநேசன் அவர்களுக்கு,

திருநாவுக்கரசு எழுதுவது. இங்கே நானும் என் மனைவி லெட்சுமியும் மகள் அதிராவும் உடம்பளவில் சுகம். சிம்பாங் அம்பாட்டில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மற்றவர்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மூன்று மாடிப் படிகளையும் நீங்கள் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் முட்டிவலி இருப்பதாகத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பதினொரு செய்திகளுக்கும் நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் விழவில்லை. அதனால்தான் தபால். இதில் நீல டிக் கிடையாது, எனக்கும் ஒரு நிம்மதி.

நடந்ததை நடந்தபடி, கோபதாபம் இல்லாமல் எழுதுகிறேன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன். எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு எந்த வாசல் வழியாகப் போனது என்று குறித்து வைப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை என்று லெட்சுமி குறைப்படுவாள். இப்போது அதுதான் நம் இரண்டு குடும்பத்துக்கும் உதவப் போகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கூடைப்பந்தில் ஒரு ஈடுபாடும் கிடையாது. அதிராவைப் பத்து வயதிலிருந்து பயிற்சிக்கு ஏற்றிப்போனது நான்தான், அது உண்மை. ஆனால் பன்னிரண்டு வருடமும் நான் வெளியே காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பின்சீட்டில் அவளோடு ஐனா என்று ஒரு பெண் வரும். எங்கள் வீட்டுத் தோசையைச் சாப்பிட்டே ஆறடி வளர்ந்த பெண். இன்றைக்கு தேசிய அணியில் ஏழாம் நம்பர். எதிரணி இடித்தால் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவைப் போடுவதற்கு முன்னால் பந்தைச் சரியாக மூன்று தடவை தட்டுவாள், ஒரு பெருமூச்சு விடுவாள், இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைப்பாள். பேப்பர் படிக்கும்போது இதெல்லாம் தற்செயலாகக் கண்ணில் பட்டதுதான்.

பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மாள் "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த அரைக்கால் சட்டை போட்டு ஓடுறதெல்லாம் வேணாம்லா" என்று சொன்னார்கள். நான் சரி என்றேன். அதிராவும் "சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் பயிற்சிக்குப் போகவில்லை. "பையனைப் பிடிச்சிருக்காம்மா?" என்று நான் நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் "பாக்கலாம்பா" என்றாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். நடைவழியில் பந்து தட்டும் சத்தம் மட்டும் நின்றுபோனது. கீழ்வீட்டுக்காரர்கள் நன்றி சொன்னார்கள். எனக்கு அது நன்றாக இல்லை அண்ணே. அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. நிச்சயதார்த்தத்துக்கு நல்ல நேரம் 3.15 முதல் 4.15 வரை, 4.30க்கு ராகு காலம் பிறக்கிறது என்று நாள் குறித்தபோது, நம் நாட்டுப் பெண்கள் அணி இறுதி ஆட்டத்துக்குப் போகும் என்று குறித்த ஜோசியருக்கும் தெரியாது, அணிக்கே தெரியாது. போய்விட்டது. அதே ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். எதிரி பக்கத்து நாடு. பெயர் வேண்டாம், அங்கே என் மச்சினன் இருக்கிறான். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே அப்துல் ஹமீது சாப்பாட்டுக் கடை இருக்கிறதே, அங்கே சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. ஐனா அந்தக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்ட பெண் என்பதால் மதியத்திலேயே கடை வாசல் வரைக்கும் கூட்டம். நான் காலையிலேயே இறங்கிப் போய், "ஹமீது, நம்ம வீட்டுல நல்ல காரியம், ஒரு மணி நேரம் சத்தத்தக் கொறைச்சுக்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டு, "திரு அண்ணே, டிவி சத்தத்தக் கொறைக்கலாம். மனுஷன் சத்தத்த நான் எங்கிட்டுப் போயி கொறைக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி.

ஆகவே, கீழே எப்போது சத்தம் ஓயும் என்று தெரிந்து அதற்கேற்றபடி காரியத்தை நடத்தலாம் என்ற ஒரே நோக்கத்தில், என் கைபேசியை வெற்றிலைத் தட்டில் தேங்காய் மீது சாய்த்து வைத்து, முன்னால் நாலு வெற்றிலையை மறைவாக விட்டு, ஒலியை அணைத்து, ஆட்டத்தை ஓடவிட்டிருந்தேன். இது ஏற்பாட்டுக்காக மட்டும். ஆனால் இதில் நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று இருந்தது. ஹமீதுடைய டிவி என் கைபேசியைவிடப் பதினைந்து விநாடி முந்தி ஓடுகிறது. கீழே கத்தி முடித்த பிறகுதான் மேலே அது நடக்கும்.

நீங்கள் வந்து சேரும்போது 3.22. லிஃப்ட் பழுது என்று நான் முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. ஏழு தட்டோடு மூன்று மாடி ஏறி வந்த உங்கள் மைத்துனருக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சு திரும்பியதும் அவர் இரண்டு குடும்பத்து வரலாற்றையும் சொல்ல ஆரம்பித்தார். கப்பல் ஏறி வந்த கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி, பைராம் தோட்டம் வழியாக, உங்கள் பையன் மோகனராஜ் பாலர் பள்ளியில் பரிசு வாங்கியது வரைக்கும் நாற்பத்தைந்து நிமிடம். நல்ல பேச்சு, நான் குறை சொல்லவில்லை. முன்னமே முடித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை, அவ்வளவுதான்.

4.10க்கு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ, பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு முழுச் சம்மதந்தானே?" என்று கேட்டார். நம் அணி 68, எதிரணி 67, ஒன்பது விநாடி பாக்கி, கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து எழுபது எண்பது பேர் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். உங்கள் பக்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது கடைங்க" என்று லெட்சுமி சொன்னாள். மைத்துனர் தலையாட்டி, இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாக, "பொண்ணப் பெத்தவரு வாயாலயே கேட்டுருவோம். சம்மதமா?" என்றார். சரியாகப் பதினைந்து விநாடி. என் கைபேசியில் நம் நாலாம் நம்பர் பெண், பந்தோடு வந்த எதிரணிப் பெண்மேல் பாயப் போவதைப் பார்த்தேன்.

"வேணாம்! வேணாம்மா, விட்டுடு!" என்ற குரல் என்னுடையது என்று தாங்கள் நினைப்பது சரி. ஆனால் அது தங்களுக்குச் சொன்ன பதில் இல்லை. நாலாம் நம்பருக்குச் சொன்னது. அவளும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அவள் மோதினாள், எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் உள்ளே, 69க்கு 68. சம்பந்தியம்மாள் எழுந்துவிட்டார்கள். "கேட்டீங்களா? பெத்தவரே வேணாங்கிறாரு" என்றார்கள். மைத்துனர் "பாலேக்லா, திரும்பிப் போவோம், எல்லாரும் எந்திரிங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நான் பதறிப்போய் "இல்லண்ணே, இது வேற வேணாம்" என்று வெற்றிலையை விலக்கிக் காட்டப்போக, தேங்காய் உருண்டு, கைபேசி குப்புற விழுந்து, அதை நிமிர்த்தினால், முழுத் திரையிலும் ஐனா தரையில் கிடக்கிறாள். அவளை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். கடிகாரம் பூஜ்யம். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று போட்டால் சமம், இரண்டும் போட்டால் கோப்பை.

கீழே ஹமீது கடையில் ஒரு சத்தமும் இல்லை. இருபது வருடத்தில் அந்தக் கடை அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அந்த அமைதியில்தான் அதிரா அறையிலிருந்து வெளியே வந்தாள், தலை நிறையப் பூவும் அரைகுறையாகக் கொசுவிய சேலையுமாக. "யாருப்பா, ஐனாவா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் பையன் மோகனராஜ், "ஐனாதான். ரெண்டு ஷாட். விடமாட்டா, பாருங்க" என்றார். சம்பந்தியம்மாள் கையைப் பிடித்து "டேய், வா போலாம்" என்று இழுக்க, "அம்மா, ஒரு நிமிஷம்மா. மூணு தடவ தட்டுவா, அப்புறந்தான் போடுவா" என்றார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இவருக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு யாரும் வாசலுக்குப் போகவில்லை. பதினாறு பேரும் அந்தச் சின்னக் கைபேசிக்கு மேலே குனிந்து நின்றோம். கீழே முதல் கர்ஜனை. சமம் என்று தெரிந்துவிட்டது, இருந்தாலும் ஒருவரும் மூச்சு விடவில்லை. பதினைந்து விநாடி கழித்து எங்கள் ஐனாவும் போட்டாள். இரண்டாவதுக்குக் கீழே முதலில் ஒரு "ஹா...", பிறகு ஒன்றுமில்லை, பிறகு கட்டடமே ஆடுகிற மாதிரி ஒரு சத்தம். ஜெயித்தது தெரியும். ஆனாலும் பார்த்தோம். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி, நின்று, யோசித்து, விழுந்தது. உங்கள் மைத்துனர் "கோல்!" என்று கத்தினார், நான் திருத்தவில்லை. லெட்சுமியும் சம்பந்தியம்மாளும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள், பிறகு சம்பந்தியம்மாளுக்குத் தான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து கையை விட்டுவிட்டார்கள். அதிரா அழுதாள். மோகனராஜ் அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். கீழே யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மைத்துனர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஆட்டம் வேற, சம்பந்தம் வேற. தட்ட எடுங்க, கெளம்புவோம்" என்றார். படியில் சம்பந்தியம்மாள் திரும்பிப் பார்த்து, "அந்தப் புள்ளைக்கு அடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போனபின் தட்டுகளைப் பார்த்தேன். நீங்களும் நாங்களும் ஒரே லிட்டில் இந்தியா கடையில் வாங்கியிருக்கிறோம் போல, ஒரே எவர்சில்வர் தட்டு, ஒரே ரோஸ் நிறக் கண்ணாடித்தாள். பிரித்தால் உள்ளே மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. அது நீங்கள் அதிராவுக்குக் கொண்டுவந்தது. நாங்கள் மோகனராஜுக்கு வைத்த வேட்டி, 42 அளவுச் சட்டை, மைசூர்பாகு எதுவும் இங்கே இல்லை. ஏழும் உங்களிடம், உங்கள் ஏழும் என்னிடம். கதவைத் தாண்டியது 4.14, நல்ல நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது. கோபத்தில் எடுத்தாலும் தட்டு மாறினால் மாறியதுதானா என்று கோயில் குருக்களிடம் பொதுவாகக் கேட்டேன். அவர் "ஆட்டம் எத்தனைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

என் தாழ்மையான வேண்டுகோள் இது. அவசரத்தில் தட்டுகள் தாமாகவே மாறிப்போனதை யாரும் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கும் அப்படியொரு உரிமை கோரும் எண்ணமில்லை. வரும் 22ஆம் தேதி காலை நல்ல நேரத்தில், எந்த ஆட்டமும் இல்லாத நாளாகப் பார்த்து, எங்கள் தட்டுகளோடு வந்து உங்கள் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முதலிலிருந்து மாற்றலாம். கைபேசியை நானே ஹமீதிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். வருவதில் மனமில்லை என்றாலும் பரவாயில்லை, சேலையைப் பத்திரமாக அனுப்பி வைக்கிறேன். அதிராவுக்காக எனக்கு வருத்தம் இருக்கும், உங்கள்மேல் இருக்காது.

வீட்டில் மூத்தவர்களுக்கு என் கும்பிடு, சம்பந்தியம்மாளுக்கு லெட்சுமியின் அன்பு, மோகனராஜ் எங்கே வாழ்ந்தாலும் நன்றாக வாழ என் ஆசி, மைத்துனருக்கு என் மன்னிப்புக் கோரிக்கையும் நல்ல மூச்சும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
திருநாவுக்கரசு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அதிரா இதை வாங்கிப் படித்தாள். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்கப்பா, ஒண்ணே ஒண்ணு தப்பு. தட்டு தானா மாறல. அவரோட மாமா தட்ட எடுக்கக் கை நீட்டினப்போ நம்ம தட்டு ஏழையும் எடுத்துக் கொடுத்தது நான்தான்" என்றாள். தெரிந்தேவா என்று கேட்டேன். "தெரியாம ஏழு தட்ட யாராச்சும் வரிசையா எடுத்துக் கொடுப்பாங்களா?" என்றாள். மோகனராஜ் குனிந்து கேட்டது, "செவ்வாக்கெழம பிராக்டிஸ் எத்தன மணிக்கு? நான் வந்து ஏத்திக்கவா?" என்பதாம். அவளுடைய பழைய ஆட்டங்களை எல்லாம் யூடியூபில் பார்த்திருக்கிறாராம், ஐனா மூன்று தடவை தட்டுவது அப்படித்தான் தெரியுமாம். நேற்று செவ்வாய்க்கிழமை. "தோழி வண்டி" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப்போனது உங்கள் வெள்ளைக் கார் என்று இப்போதுதான் தெரிகிறது. வாசலில் ஏறியது மாலை 6.40, குறித்து வைத்திருக்கிறேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் சம்பந்தி, மைசூர்பாகை எறும்பு வருவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். சம்பந்தியம்மாளிடம் அந்த அரைக்கால் சட்டை விஷயத்தை நீங்களே பக்குவமாகப் பேசுங்கள், ஐனாவுக்கு அடி ஒன்றும் இல்லை என்று சொல்லி ஆரம்பித்தால் சுலபமாக இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவளுக்குப் பயிற்சி இருந்தும் செவ்வாய்க்கிழமை எனக்கு வேலையில்லை. இருந்தாலும் அடுத்த வாரம் போவேன். மாப்பிள்ளை காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாரா, உள்ளே போய் ஆட்டம் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். காரில் உட்கார்ந்திருந்தால் சொல்லி உள்ளே அனுப்புவேன், அங்கிருந்து பார்த்தால் இடது பக்கத்துக் கூடை தெரியாது.