ரிவர்ஸ் மாஃபி

அமீரகத்தில் இருக்கிற அத்தனை ரவுண்டானாவையும் சுற்றி முடித்த ஒரே தமிழர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் அவரைத்தான் சொல்வேன். சொந்தப் பெயர் என்னவோ ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அதைக் கூப்பிட்டவர் யாருமில்லை. முசஃபாவில் எங்கள் தெருவுக்கே அவர் ‘ரிவர்ஸ் மாஃபி’. மாஃபி என்றால் அரபியில் ‘இல்லை’. வந்து இறங்கினதும் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்கிற வார்த்தை. தண்ணீர் மாஃபி, ஏசி மாஃபி, லீவு மாஃபி. இவருக்கு ரிவர்ஸ் மாஃபி.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சின்னச் சின்ன ட்ரெய்லர்கள் செய்வோம். ஜெட் ஸ்கீ ஏற்ற, பாலைவனத்தில் கூடாரம் போடுகிறவர்கள் சாமான் ஏற்ற, ஆடு ஏற்ற. நான் வெல்டிங் ஃபோர்மேன். பதினாறு வருஷமாக அதே தகரக் கூரை, அதே வெயில், அதே முழங்கால் வலி. செய்து முடித்த ட்ரெய்லரைப் பெயின்ட் ஷெட்டுக்கு இழுத்துவருவதும், அப்புறம் கொண்டுபோய்க் கொடுப்பதும், வாடகைக்கு ஆடு ஏற்றிப்போவதும் அவர் வேலை. அறந்தாங்கிப் பக்கம். என்னைவிட ரெண்டு மூணு வயசு கூட, அதனால் அண்ணன். கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்தது ஒரு பழைய வெள்ளை எஸ்யூவி. பெரிசுமில்லை, சின்னதுமில்லை, நடுவாந்திரம்.

முன்னால் ஓட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கிளம்புமுன் குனிந்து கொக்கியைப் பார்ப்பார், சங்கிலியை இழுத்துப் பார்ப்பார், டயரைத் தொட்டுப் பார்ப்பார். பின்பக்கம் பாரம் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டும் என்று, ஏற்றின ஆடுகளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்சுவார். அவர் கொண்டுபோன எதிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. வெறும் வண்டியென்றால் ரிவர்ஸும் எடுப்பார். ட்ரெய்லரை மாட்டிவிட்டால் மட்டும் பின்னால் ஒரு சாண் வரமாட்டார். கேட்டால், “எனக்கு என்ன முதுகுலயா கண்ணு இருக்கு?” என்பார்.

அதற்காக வாழ்க்கையையே மாற்றி அமைத்துக்கொண்டவர். முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறுகிற மாதிரி இடமிருந்தால்தான் சாப்பாட்டுக் கடை. சலூனும் அப்படித்தான். அந்தச் சலூன்காரனுக்கு ஒரே ஒரு கட்டிங்தான் தெரியும். அண்ணன் பதினோரு வருஷம் அதே தலையோடு அலைந்தார்.

ஒருதரம் ராஸ் அல் கைமாவுக்கு நானும் கூடப் போய்த் தொலைத்தேன். வில்லா இருந்தது முட்டுச் சந்தில், அதைத் தாண்டிப் போய்விட்டோம். வேறு யாராக இருந்தாலும் பத்தடி பின்னால் வந்திருப்பார்கள். அண்ணன் இறங்கி, கொக்கியைக் கழற்றி, “ஒரு கை பிடி தம்பி” என்றார். உச்சி வெயிலில் ட்ரெய்லரைக் கையாலேயே திருப்பினோம். வீட்டுக்கார அரபிப் பெரியவர் வாசலில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பாவமாகிவிட்டது போல, கணுக்கால் வரை தொங்கும் கந்தூராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் வந்து தள்ளினார். எல்லாம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று இந்தியில் விசாரித்தார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்படியே ஓடியிருக்கும். புது மேனேஜர் வந்தார். அண்ணன் கொண்டுவருகிற ட்ரெய்லரை மட்டும் நாலு பேர் பெயின்ட் ஷெட்டுக்குள் கையால் தள்ளுவதைப் பார்த்துவிட்டார். வியாழக்கிழமை வரை டைம். வண்டியை வைத்தே ட்ரெய்லரை ஷெட்டுக்குள் விட வேண்டும், வேறு யாரும் கை கொடுக்கக் கூடாது. முடியாவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

அன்று அண்ணன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மகள் நர்சிங் கடைசி வருஷத்துக்குள் நுழைந்திருந்தாள்.

“இன்னும் ஒரே ஒரு வருசம்டா. அது முடிஞ்சா நானே போயிருவேன். இப்ப அனுப்பிட்டா அவ படிப்பு நின்னுரும்.”

டியூட்டி முடிந்து மூன்று சாயங்காலம் பழக்கினேன். இடது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லரின் பின்பக்கம் வலது பக்கம் போகும், அவ்வளவுதான் விஷயம். நான் பின்னால் நின்று பஸ் கிளீனர் மாதிரி “வரலாம், வரலாம், ஓல்டான்” என்று கத்துவேன். ‘வரலாம்’ என்றால் நின்றுவிடுவார். ‘ஓல்டான்’ என்றால் வந்துவிடுவார். வீட்டில்தான் தான் ஒன்று சொன்னால் வேறொன்று நடக்கிறது, இங்கேயுமா என்று அலுத்துக்கொண்டார். முதல் நாள் குப்பைத்தொட்டி போனது. இரண்டாம் நாள் டீக்கடை போர்டு. மூன்றாம் நாள் ட்ரெய்லர் மடங்கி எஸ்யூவியின் இடுப்பிலேயே இடித்தது.

எனக்கும் அசதி. வாயை அடக்க முடியவில்லை. “உங்களுக்கு மண்டையில ஏறவே ஏறாதாண்ணே? மூட்டையைக் கட்டுங்க போங்க” என்று சொல்லிவிட்டேன். கை கழுவப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலையில் பார்த்தால் எஸ்யூவிக்கு முன்னால் நின்று பம்பரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டார்.

“தம்பி, கொக்கி பின்னாடிதான் இருக்கணும்னு எவன் சொன்னான்?”

நான் அவரைப் பார்த்தேன். பம்பரைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாதபோது, கனமான பிளேட் ஒன்றை வெட்டி முன் சேஸிஸில் பற்றவைத்து, அதில் கொக்கி மாட்டுகிற இரும்புக் குண்டைப் பொருத்தினேன். விஷயம் தெரிந்தால் அண்ணனோடு எனக்கும் டிக்கெட்தான். ஆனாலும் என் பதினாறு வருஷத்தில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் பற்றவைத்ததில்லை.

வியாழக்கிழமை மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் ட்ரெய்லரோடு வந்தார். அதன் பின்பக்கம் ஷெட் வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்திக் கழற்றினார். வெறும் வண்டியோடு தெருமுனை திரும்பிப் போயேபோய்விட்டார். ஐந்து நிமிஷம் ஆனது, ஆளைக் காணோம். ஓடிவிட்டானா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. ஒருவழியாக வெள்ளை வண்டி தெருவைச் சுற்றிவந்து ட்ரெய்லருக்கு நேர் எதிரே நின்றது. முன் பம்பரில் கொக்கியை மாட்டினார். அப்புறம் எல்லாம் கண்ணெதிரே இருந்ததால் கை தானாகத் திருப்பியது. மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய் ஷெட்டின் கடைசியில் விட்டார். ஒரு கீறல் இல்லை.

மேனேஜர் அந்தக் குண்டையே குனிந்து பார்த்தார். யார் வெல்டிங் என்று கேட்டார். நான் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “கலாஸ்”, அதாவது முடிந்தது, என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம், மற்ற வண்டிகளுக்கும் முன்னால் அதே மாதிரி ஒன்று வைக்கச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்தது.

ஒரு வருஷம் போனது. மகள் படிப்பை முடித்தாள், வேலையும் கிடைத்தது. அண்ணன் தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். ஏர்போர்ட்டுக்கு அதே வெள்ளை வண்டியில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னாடி ஒன்றுமே இல்லாமல் போவது என்னமோ மாதிரி இருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ட்ராலியில் ரெண்டு அட்டைப்பெட்டி, சுற்றிலும் கயிறு. கட்டிப்பிடித்தார், கிளம்பினார். எப்போதும்போல நேராகப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நாலடி போனவர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே என் முகத்தைப் பார்த்தபடி, ட்ராலியை முதுகுக்குப் பின்னால் விட்டுத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அது வழக்கம்போல வேறு பக்கம் ஒடிந்து தூணில் முட்டியது. சிரித்தார். நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் பின்னாலேயே போனார்.

பழக்க தோஷம், நானும் கையைக் காட்டி “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. ‘ஓல்டான்’ என்று கத்தத்தான் வாயெடுத்தேன், அதற்குள் கதவு மூடிக்கொண்டது.