பச்சைச் சேலைக்காரி

“ஏங்கண்ணு, காலையில உங்கூட்டு வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தியே, நான் கூப்பிட்டதுக்குத் திரும்பிக்கூடப் பாக்கல?”

பக்கத்து வீட்டுத் தங்கம்மா கேட்டதும் இலக்கியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நேரத்தில் அவள் நாகலூர் எஸ்டேட்டில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் முதல் பெண் ரைட்டர் அவள். அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? வீட்டு வேலை நின்றால் ரைட்டர் வேலையும் நிற்கும், ஆம்பளை நான் துடைப்பத்தைத் தொடமாட்டேன் என்று ஊரறியச் சொல்லித்தான் புருஷன் சக்திவேல் அனுப்பியிருந்தான். ராத்திரி பங்களாக் காவலுக்குப் போகிற அந்த மகராசன் பகலெல்லாம் போர்வைக்குள் கிடப்பான்.

வீட்டுக்குள் போனால், போட்டது போட்டபடி விட்டுப்போன பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் அவளுடைய பச்சைச் சேலை ஈரத்தோடு தொங்கியது. அதை அவள் உடுத்தி எத்தனையோ நாளாகிறது.

மறுநாள் வாசலில் திருநீற்றைக் கொட்டிவிட்டுப் போனாள். வந்தது அதைக் கூட்டி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தது. விளக்குமாற்றுக்குப் பேய் பயப்படும் என்று தங்கம்மா சொல்ல, நிலைப்படியில் ஒன்றைச் சார்த்தினாள். அன்றைக்கு ஒட்டடையும் அடித்திருந்தது. இரும்புதான் சரி என்று அரிவாள்மனையைக் குறுக்கே வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சௌசௌ பொடிப்பொடியாக நறுக்கியிருந்தது.

மூடுபனியில் முக்காடு போட்ட இன்னொரு இலக்கியாவை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அப்படி ஒருத்தி தோன்றினால் இருக்கிறவள் ரொம்ப நாள் தங்கமாட்டாள் என்று யாரோ வேறு கொளுத்திப்போட்டார்கள். இலக்கியாவுக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

“ஏனுங்க, நான் வேலைய உட்டுர்றேனுங்க. பகல்ல நான் ஊட்டுல இருந்தா அது வராது” என்று அழுதாள்.

சக்திவேலின் முகம் வெளுத்தது. “அவசரப்படாத. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.”

அவள் கேட்கவில்லை. கரடியூர்ப் பூசாரி அங்கப்பனை வரவழைத்தாள். அவரும் பேயை ஓட்டாவிட்டால் வேலைக்கு முழுக்குத்தான்.

அங்கப்பன் உடுக்கையடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தார். பனி உள்ளேயே வந்து நின்றது. பச்சைச் சேலையின் முந்தானையை விரித்தார். அதில் கருகின ஓட்டை ஒன்று. இலக்கியா தங்கம்மாவின் பின்னால் ஒண்டினாள். தங்கம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

பூசாரி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சக்திவேலைப் பார்த்தார்.

“சேலையக் கட்டிட்டுப் பீடி குடிக்காத தம்பி. எம்பொண்டாட்டி வேலைக்குப் போனதுல இருந்து எங்கூட்டுக் கோலமும் நாந்தான், ஒரு சேலையாவது கருக்கியிருப்பனா?”