தனி அறைத் தீர்மானமும் என் ராஜினாமாவும்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய காக்கா அவர்களுக்கு, தம்பி பாரூக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தாஜ் நிஷாவும் இங்கே சுகம். என் இடது முழங்காலை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் சர்க்கரையும் மச்சியின் ரத்த அழுத்தமும் அடக்க ஒடுக்கமாக இருக்க துஆ செய்கிறோம். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் பாதியில் தூங்கிவிடுகிறீர்கள் என்று மச்சி சொன்னதால் தபாலில் எழுதுகிறேன்.

முதலில் விஷயம். போர்டு தலைவர் பதவியை விட்டுவிட்டேன். டிசம்பரில் நாங்கள் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறோம். மாடி அறைக்கு வெள்ளை அடித்து வைக்கவும்.

என்ன போர்டு என்று கேட்பீர்கள். பெற்றோரால் வளர்க்க முடியாமல் போன பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் இங்கே இருக்கிறது. பிள்ளைகளில் பலர் இந்த நாட்டின் பூர்வகுடி மக்கள். பள்ளிக்கூடத்தில் நாம் செவ்விந்தியர் என்று படித்தோமே, இப்போது அப்படிச் சொல்வது சரியில்லை. பிள்ளைகள் அப்படி என்பதால், நிறுவனத்தை நடத்தும் போர்டில் உள்ள ஏழு பேரில் நான்கு பேர் பூர்வகுடிகளாக இருக்க வேண்டும், அதில் இருவர் இளவட்டங்களாக இருக்க வேண்டும் என்று விதி. அந்த நால்வரில் மூத்தவர் வெர்னன், எழுபது வயது, வருடத்துக்கு நாற்பது வார்த்தை பேசுவார். இளையவள் ஷைலா, இருபது வயது, சின்ன வயதில் இந்த மாதிரி வீடுகளில் வளர்ந்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்து சமையலுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த என்னைத் தாஜ் நிஷாதான் அங்கே அனுப்பினாள். நம் ஊர்ச் சங்கத்தின் பெருநாள் கூட்டங்களைப் பதினோரு வருடம் பிரியாணி ஆறுமுன் முடித்துக் காட்டியவன் என்பதால் தலைவராக்கினார்கள்.

பிப்ரவரி கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பிள்ளையை வைத்துக்கொள்ளும் வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை இருக்க வேண்டும். அமெரிக்காவில் முப்பது வருடம் இருந்தவன், இது கூடத் தெரியாதா என்ன. "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. வெர்னன் மேசையைப் பார்த்தார், ஷைலா ஜன்னலைப் பார்த்தாள். நம் நிக்காஹ்வில் பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவள் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வோமே, அந்தப் பழக்கத்தில் நானும் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதி, பதினோரு நிமிடத்தில் கூட்டத்தை முடித்து, வீட்டுக்கு வந்து பெருமை பேசினேன்.

மூன்று வாரம் கழித்து ஷைலா வீட்டுக்கே வந்தாள். பக்கத்து ஊரான ஹேவர்டில் ஒரு சித்தி தன் அக்காவின் ஆறு வயது மகளை வளர்க்கக் கேட்டிருக்கிறாள். இரண்டு அறை வீடு, ஏற்கெனவே நான்கு பேர். என் தீர்மானத்தைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்களாம். பிள்ளை மூன்று மணி நேரத் தூரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரிய வீட்டுக்குப் போகப் போகிறாள், திங்கட்கிழமை பெட்டி கட்டுகிறார்கள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன். அவள் இங்கிலீஷில்தான் பேசினாள், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"சொல்லத்தான் யோசிச்சிட்டு இருந்தோம், அங்கிள். எங்க வீட்டுல ஒரு விஷயம் தப்புன்னு பட்டா உடனே பேச மாட்டோம். எதிர்ல இருக்கிறவருக்கு அவமானம் ஆகாம எப்படிச் சொல்றதுன்னு யோசிப்போம். நீங்க வெயிட் பண்ணலை."

பிறகு சொன்னாள், அவளையும் ஏழு வயதில் இப்படித்தான் அனுப்பினார்களாம். "பெரிய ரூம், எனக்கே எனக்கு. எட்டு மாசம் துணி அலமாரிக்குள்ள படுத்தேன். அங்கதான் கொஞ்சம் நெருக்கமா இருந்துச்சு."

தேநீர் கொண்டுவந்த தாஜ் நிஷா, இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றவள், "நீங்க சின்ன வயசுல எந்தத் தனி ரூம்ல படுத்தீங்க?" என்று கேட்டாள். எனக்கு உங்கள் முழங்கைதான் ஞாபகம் வந்தது, காக்கா. எட்டுப் பேர், இரண்டு பாய், நடுவில் நான். ஒரு நாளும் பயந்து முழித்தது இல்லை. வெட்கமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

மறுநாளே அவசரக் கூட்டம் போட்டு என் தீர்மானத்தை நானே ரத்து செய்யக் கேட்டேன். கேட்டுவிட்டு, இந்த முறை காத்திருந்தேன். ஒன்பது நிமிடம். என் வாழ்நாளில் முழித்திருந்து அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை, இருமக்கூடப் பயமாக இருந்தது. கடைசியில் வெர்னன் தொண்டையைச் செருமினார். "எத்தனை ரூம்னு கேக்க வேணாம். பிள்ளை முழிச்சா பக்கத்துல யாரு இருப்பாங்கன்னு கேளுங்க" என்றார். அதையே எழுதிக்கொண்டோம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பெட்டியோடு சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் ஒரு பிள்ளையின் தலைவிதியைப் பதினோரு நிமிடத்தில் எழுதியவன் அந்த நாற்காலியில் இருக்கலாமா? அடுத்த கூட்டத்தில் விலகினேன். வழக்கமாக நான் எதைச் செய்தாலும் தடுக்கும் தாஜ் நிஷா, "ரொம்ப நல்லது, உடனே எழுதிக் குடுங்க" என்று பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். அவள் மனசும் ஊருக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வெள்ளை அடிக்கிறவன் சொன்ன நாளில் வரும் பாக்கியத்தையும் தருவானாக.

துஆவை நாடும் தம்பி,
பாரூக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தாஜ் நிஷா வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். வெள்ளை அடிக்க வேண்டாம். அந்தச் சித்திக்கு சனி, ஞாயிறு ஆஸ்பத்திரியில் வேலை. அந்த இரண்டு நாளும் பிள்ளையை நம் வீட்டில் வைத்துக்கொள்வதாக இவள் ஷைலாவிடம் சொல்லி, நான் வெளியே போயிருந்த நேரம் வீட்டைப் பார்வையிடச் செய்து அனுமதியும் வாங்கிவிட்டாள். போர்டில் இருப்பவர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம், பேனா அதற்காகத்தான். விண்ணப்பத்தில் 'பிள்ளை உங்களை எப்படி அழைக்கும்' என்று ஒரு கட்டம். தனக்கு 'மாமி' என்று எழுதியிருக்கிறாள். என் பெயருக்கு எதிரே காலியாக விட்டிருக்கிறாள். சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையே சொல்லட்டும் என்கிறாள். இன்று ஞாயிறு. இன்னும் ஆறு நாள் இருக்கிறது, காக்கா.