பால்மழை பெய்யும் நாடு

சடையப்பன் சபதம் போட்டுவிட்டான். சும்மா வாய்ச்சபதம் இல்லை. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் போட்ட சபதம்.

“கொட்டாய் எங்க கீது? தண்ணித்தொட்டி எங்க கீது? கழுவி ஊத்துனா ஓடறதுக்கு வாய்க்கா எங்க? சாணி கொட்ட எருக்குழி எங்க? இது நாலும் என்னிக்கு நம்ம தோட்டத்துல வருதோ, அன்னிக்கு உங்கண்ணன் குடுக்கற எருமையும் வரட்டும். விடியக்காலைல எய்ந்து நானே பால் கறக்கறேன். சத்தியம்!”

“சரி மாமா” என்றாள் மனைவி சுலோச்சனா. அவ்வளவுதான்.

தென்னேரியில் இருக்கும் அண்ணன் சுகுமார், கன்றோடு ஒரு கறவை எருமையைத் தங்கைக்குத் தருவதாகச் சொல்லி மாசமாகிறது. சடையப்பனுக்கோ எட்டு மணிவரை தூங்கினால்தான் தூக்கம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையும் பத்து மணிக்கு முன்னால் கண் திறக்காது. எருமை வந்தால் அந்தத் தூக்கத்துக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். நாலையும் கட்டவேண்டியது யார்? அவன்தான். அவன் கட்டினால்தானே!

தூங்காத நேரத்தில் அவன் கலைஞன். செல்போனில் ராஜா கதை சொல்லிப் படம் பிடித்துத் தன் சானலில் போடுவான். பார்ப்பவர்கள் அவனும் மச்சான் பிரபாவும். பிரபாவும் பாதியில் எழுந்து போய்விடுவான். இந்தத் தடவை ஊரே வாய் பிளக்கவேண்டும் என்று ஒரு புது உலகத்தையே யோசித்துவைத்திருந்தான். பெயர் வெண்மதிக் கண்டம். வடக்கே பனிநாடு, தெற்கே ஆவிக்கடல், நடுவில் வளைநதி. வீட்டுக்குப் பின்னால் முறமளவு இடத்தில் களிமண்ணைப் பிசைந்து அதைச் செய்ய உட்கார்ந்தான்.

“இன்னா மாமா, பொம்மக் கல்யாணமா?”

“போடி, இது ஒரு கண்டம். நான்தான் ராஜா.”

“ராஜா எங்க நிப்பாரு? ஒரு கால வெச்சா கண்டமே காலி.”

சடையப்பன் யோசித்தான். ராஜா நடக்காத நாடு என்ன நாடு? முறம் போய்த் தோட்டத்தில் பாதி நாடாயிற்று. கட்டிய நாள் முதல் அவன் கலையை ஏறெடுத்தும் பார்க்காதவள் பக்கத்தில் மோரோடு வந்து நின்றாள். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

“கடல் இவ்ளோதானா? இந்தத் தண்ணில இன்னா ஆவி கெளம்பும்? ஆவி இல்லாம மேகம் ஏது, மழ ஏது?”

பள்ளிக்கூடத்தில் படித்தது அவனுக்கும் ஞாபகம் வந்தது. இடுப்பளவுக்குத் தோண்டினான். தோண்டிய மண்ணை மலையாகக் குவித்தான்.

“கூம்பா வுட்டா மழைல கரைஞ்சிடும் மாமா. மேல தட்டிச் சமமா வுடு.”

“அதுக்குப் பேரு பீடபூமி!”

“பாரேன், எவ்ளோ தெரிஞ்சி வெச்சிக்கினு கீற! அந்தப் பூமியத்தான் திமிசுக்கட்டைய போட்டு நல்லா இடி.”

இடித்தான். பீடபூமியிலிருந்து கடலுக்குச் சரிவாக வளைநதியை வெட்டினான். மண் கரையாமல் இருக்க, நதிக்கு சிமெண்டு பூசச் சொன்னாள். பூசினான். தென்னேரியில் பிறந்தவள் ஏரி இல்லாத நாட்டை ஒத்துக்கொள்வாளா? சிமெண்டிலேயே ஒரு நீளத் தொட்டி கட்டிப் பீடபூமி ஓரத்தில் ஏரியும் வைத்தான். கடைசியில் பனிநாடு பாக்கி.

“அடிக்கிற வெயில்ல பனி நிக்குமா மாமா? பீடபூமி மேல நாலு கம்பம் நட்டுக் கீத்து போடு. அப்பத்தான் குளுகுளுன்னு இருக்கும்.”

கூரையில் கீற்று வேய்ந்துகொண்டிருந்தவனைப் பக்கத்து வீட்டு சிட்டம்மாள் வேலி வழியாக எட்டிப் பார்த்தாள்.

“இன்னா தம்பி, மாட்டுக்கொட்டாயா?”

“பனிநாடு!” என்று மேலேயிருந்து கத்தினான் சடையப்பன். “ரசனை கெட்ட ஜனங்க.”

“நீ போடு மாமா. அதுங்களுக்கு இன்னா தெரியும்?” என்றாள் சுலோச்சனா.

படப்பிடிப்பு நாள் வந்தது. அட்டைக் கிரீடமும் பட்டுத் துண்டுமாகச் சடையப்பன் பீடபூமியில் ஏறி நின்றான். செல்போனைப் பிடித்தது சுலோச்சனா.

“வெண்மதிக் கண்டத்து மக்களே! நம் நாட்டின் தட்பவெப்பம் தனித்துவமானது! இங்கே கதிரவன் உதிக்குமுன் கருமேகம் முழங்கும்! பால்மழை பொழியும்! அதைப் பொற்குடத்தில் ஏந்துபவனே மன்னன்!”

“அட்டகாசம் மாமா! அந்தப் பால்மழ சமாச்சாரத்த இன்னொரு தபா சொல்லு. தெளிவா பதிவாவட்டும்.”

உற்சாகமாக இன்னொரு தடவை சொன்னான். அந்த நேரம் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. சுகுமார் இறங்கினான். பின்னாலேயே கன்றும், கரும்பாறை போல ஓர் எருமையும் இறங்கின. எருமை யாரையும் கேட்கவில்லை. நேராகப் பீடபூமியில் ஏறிற்று. ராஜா குதித்து இறங்கினார். எருமை ஏரியை ஒரே மூச்சில் பாதி குடித்தது, பனிநாட்டு நிழலில் நின்று வாலைத் தூக்கிற்று. வளைநதியில் வெள்ளம் புரண்டு, சரிவில் ஒரு சொட்டுகூடத் தேங்காமல் ஆவிக்கடலில் போய் விழுந்தது.

“நல்ல வாட்டம் வெச்சிக் கட்டியிருக்கீங்க மாப்ள” என்றான் சுகுமார்.

“ஏய் சுலோ! இது இன்னாடி அநியாயம்? இது என் உலகம்டி!”

“ஒரு எருமைக்கு எடம் இல்லன்னு சொன்ன. இப்ப ஒரு உலகமே கீதே மாமா. கொட்டாய், தொட்டி, வாய்க்கா, குழி. நாலையும் எண்ணிக்கோ.”

“அது பனிநாடு! அது கடல்!”

“எருமைக்கு வெயில் ஆவாது. பனிநாடு அதுக்கு ரொம்ப நல்லது.”

சடையப்பன் கிரீடத்தைக் கழற்றி எருமையைப் பார்த்தான். எருமை கிரீடத்தைப் பார்த்து நாக்கை நீட்டிற்று.

மறுநாள். இன்னும் இருட்டு விலகவில்லை. யாரோ போர்வையை உருவினார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே சுலோச்சனா நிற்கிறாள், கையில் பித்தளைச் சொம்பு.

“சபதத்த வுடு மாமா, அத நான் பிடிச்சித் தொங்கல. ஆனா நேத்து நீ சொன்னத நம்ம சானல்ல போட்டுட்டேன், ஊரே பாத்துட்டு கீது. எய்ந்திரு ராஜா, கருமேகம் கத்துது!”