பட்டாணிக்கு ஒரு பை

சிரிக்க வைக்கிறேன். சத்தியம். ஆனால் இப்போதே கேட்காதீர்கள். முதலில் பழனிக்குமார் கொஞ்ச நேரம் ஜெயிக்கட்டும். ஜெயித்து, நெஞ்சை நிமிர்த்தி, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளட்டும். உயரத்திலிருந்து விழுந்தால்தானே சத்தம் நன்றாகக் கேட்கும்?

திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கும் பழனிக்குமார் ஊரெல்லாம் பேசுகிற ஆள். வீட்டில் மட்டும் அவரிடம் பேச ஆளில்லை. மனைவி பொன்னழகு தை மாதத்திலிருந்து அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்குக் கூப்பிட்டு அவளுக்குப் போன் வந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தவர் இவர். "அவளுக்கெல்லாம் இஷ்டமில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலம் அதை ஏதோ உபகாரம் செய்ததுபோல அவளிடமே சொல்லவும் செய்தார்.

அன்றைக்கு அவருக்குச் சாத்திய வாயை அவள் நாய்க்கு மட்டும் திறந்தாள்.

நாய்க்குப் பட்டாணி என்று பெயர். பொமரேனியன். ஒரு தலையணை அளவு இருக்கும். வீட்டுப் பேச்சு முழுவதும் அதன் தலைக்கு மேலேதான் போய்வந்தது.

"பட்டாணி, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"வெஞ்சனம் என்னன்னு கேளு பட்டாணி."

"நேத்து வச்ச கத்திரிக்காதான்னு சொல்லு."

"அது நேத்தே நல்லா இல்லைன்னு சொல்லு."

"அதனாலதான் மிச்சம் கெடக்குன்னு சொல்லு."

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, பட்டாணி படுத்துவிடும்.

ஒரு நாள் பழனிக்குமாருக்கு ஞானம் பிறந்தது. நடுவில் இந்த நாய் இருப்பதால்தானே இவ்வளவும்? நாயை அனுப்பிவிட்டால் அவள் யாரிடம் பேசுவாள்? சுவரிடமா? "எங்கிட்டத்தானே வந்தாகணும்!" ஒரே ஒரு தடவை "என்னங்க" என்று அவள் கூப்பிட்டால் போதும். அதற்காக மனிதர் ஏங்கிப்போய்க் கிடந்தார். நேர்வழி என்றால் மன்னிப்புக் கேட்பது. அந்தச் சரக்கு அவர் கடையில் என்றைக்கும் இருந்ததில்லை.

"பட்டாணி, ஒட்டன்சத்திரத்துல உங்க சித்தி வீட்டுத் தோட்டம் எம்புட்டுப் பெருசு! அங்க போயி ஓடியாடி இருக்கியான்னு உங்கம்மா கேக்கட்டும்."

சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பொன்னழகு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்:

"இந்த வீட்டுல கெடந்து சாகுறதுக்கு வெளியூரு தேவலைன்னு சொல்லு பட்டாணி. பஸ்ஸுல போக நல்ல பை ஒண்ணு வேணும்னு சொல்லு. அவரே கூட வந்து வாங்கித் தரட்டும்."

பழனிக்குமார் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் அந்த ஜெயிப்பு.

செல்லப்பிராணிக் கடையில் கடைக்காரர் ஃபயாஸ் சாமானை எல்லாம் இறக்கிப் பரப்பினார்.

"இது பிளாஸ்டிக் கூண்டுக்கா. கம்பிக் கதவு. கெட்டியா இருக்கும்."

"இன்னொரு ஜெயிலு வேணாம்னு சொல்லு பட்டாணி."

"இது முதுகுல மாட்டுறது. இந்த வட்ட ஜன்னல்ல தலைய வச்சு வேடிக்கை பாத்துக்கிட்டே வரும்."

பொன்னழகு அடியில் கிடந்த பெரிய துணிப் பையை இழுத்தாள். வலை ஜன்னல், அதற்கு மேலே மடித்துவிடுகிற துணி, தோளில் போட வார்.

"அக்கா, அது பெரிய சாதிக் குட்டிக்கு. இவன உள்ள விட்டா அப்புறம் கை விட்டுத் தேடணும்."

"இனிமேதான் வளரப்போறேன்னு சொல்லு பட்டாணி."

பட்டாணிக்கு ஆறு வயது. வேறொரு நாளாக இருந்தால் பழனிக்குமார் யோசித்திருப்பார். அன்றைக்கு அவர் வெற்றிவீரர். "பெருசாவே குடுங்க பாய்! தாராளமாப் போகட்டும்!"

"வெளையாட்டுச் சாமான் என்ன எடுக்க? கயிறு இருக்கு, அமுக்குனா கத்துற கோழி இருக்கு..."

"கூட ஆளில்லாத நேரத்துக்கு எது நல்லதுன்னு கேளு பட்டாணி."

அதற்குள் ஃபயாஸுக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது. நாயைப் பார்த்தே பதில் சொன்னார்: "அப்ப இந்த ரப்பர் பந்துதான் பட்டாணி. ஓட்டைக்குள்ள சோத்தை அடைச்சுக் குடுத்தா நக்கி எடுக்கவே அரை நாளாகும். ஆளு போனதே ஒனக்குத் தெரியாது."

"அதையே குடுக்கச் சொல்லு."

"கயிறும் போடுங்க, கோழியும் போடுங்க!" என்றார் பழனிக்குமார். கிளம்பிப்போகிறவனுக்கு எதற்குக் கஞ்சத்தனம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியின் பின்னால் பொன்னழகு, அவள் மடியில் பை, ஜன்னல் துணி இறக்கிவிட்டிருந்தது. பைக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"உங்கப்பாவை மெதுவா ஓட்டச் சொல்லு பட்டாணி," என்றாள் பையைப் பார்த்து.

ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் கோயம்புத்தூர் பஸ். ஜன்னல் சீட்டு பிடித்து அவளை உட்கார வைத்தார். நாயை விட்டுவிட்டு அவள் சாயங்காலமே திரும்பிவிடுவாள் என்பது அவர் கணக்கு. கீழே இறங்கி வந்து, ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டி, பைக்கு ஒரு வழியனுப்பு உரையே நிகழ்த்தினார்:

"ஏலே, இத்தனை மாசமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நந்தி மாதிரி உக்காந்திருந்தேல்ல? போ. இனிமே எங்க வீட்டுல நேர் பேச்சுத்தான். எங்க, கடைசியா அந்த மூஞ்சியக் காட்டு."

கம்பிக்குள் கையை விட்டுத் துணியைத் தூக்கினார். வலைக்குள் மூக்கு இல்லை. மயிர் இல்லை. மடிப்பு கலையாமல் சின்னாளபட்டிச் சேலைகள் அடுக்கியிருந்தன.

"டிக்கெட்டு, டிக்கெட்டு!"

"கோயம்புத்தூர் ஒண்ணு," என்றாள் பொன்னழகு.

"யோவ், ஒட்டன்சத்திரம்யா!"

"அக்கா கோயம்புத்தூருங்கிறாங்களேண்ணே?"

"நாயி எங்கடி?"

பொன்னழகு அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்டக்டரைப் பார்த்தாள். "அடுப்படியில பந்தை நக்கிக்கிட்டுக் கெடக்குன்னு சொல்லுங்க தம்பி."

"அண்ணே, அடுப்படியில இருக்காம்."

"ரெண்டு பேருக்கும் சோறு அவரே வடிச்சுக்கட்டும்னு சொல்லுங்க."

"நீங்களே வடிச்சுக்குவீங்களாம்ணே."

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. பழனிக்குமார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். நாயை நகர்த்திய இடத்தில் ஒரு காக்கிச் சட்டை வந்து நின்றுகொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அவர் வாயும் அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் திறந்தது.

"எப்ப வருவான்னு கேளுய்யா! வருவாளா மாட்டாளான்னு கேளு!"

கண்டக்டர் குனிந்து கேட்டார். நிமிர்ந்தார். விசிலை ஊதிவிட்டுப் படியில் தொங்கியபடி கத்தினார்:

"நாயிகிட்டச் சொல்லிட்டாங்களாம்ணே! வீட்டுக்குப் போயிக் கேட்டுக்குவீங்களாம்!"